பல்லியைக் கூப்பிட வேண்டும்

செய்தி வந்தபோது காலை பதினொன்று பத்து. அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து, விபத்துக் காப்பீட்டுப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கைபேசியில் இஸ்திரி அண்ணனின் எண் வந்தது. அக்கா வேலை பார்த்த மருத்துவமனைத் துணி அறையில் நீராவி இஸ்திரி இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவர். அக்கா தன் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த நாட்களில் அவருடைய எண்ணிலிருந்துதான் பேசுவாள். அதனால் எடுத்தவுடன் "சொல்லுக்கா" என்றேன்.

 எப்போதும் பின்னால் கேட்கும் இயந்திரச் சத்தம் அந்தப் பக்கம் இல்லை.

"தம்பி, நான்தான் பேசறேன். நீங்க கொஞ்சம் கிளம்பி வாங்க" என்றார்.

துவைத்த விரிப்பு மூட்டையின் மேல் அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். அவள் கதை யோசிக்கும்போது அப்படித்தான் உட்காருவாள், அப்போது பேச்சுக் கொடுத்தால் முறைப்பாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இருபது நிமிடம் அவர் தன் பாட்டுக்கு வேலை செய்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்த பிறகும், மருத்துவர்கள் வந்து போன பிறகும், அந்த இருபது நிமிடத்தைப் பற்றியே அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "யோசிக்குதுன்னு விட்டுட்டேன் தம்பி." அவருக்கு நான்தான் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் இருபத்தெட்டு வருடம் அந்தத் துணி அறை. கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத நீளமான அறை அது. மேல் மாடிகளிலிருந்து அழுக்குத் துணி ஒரு தகரக் குழாய் வழியாகச் சரிந்து வந்து விழும். அதைப் பிரிக்க வேண்டும். கறை உள்ளதைத் தனியே ஊறப்போட வேண்டும். துவைத்து வந்ததில் கிழிந்ததை ஒதுக்கி, மீதியை மடித்து, எந்த வார்டுக்கு எது என்று வண்டியில் அடுக்கி அனுப்ப வேண்டும். எல்லாமே நின்றுகொண்டு செய்கிற வேலை. சிமெண்டுத் தரை. முப்பத்தைந்து வயதிலேயே அவளுடைய கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் நேரமே கிடைக்கவில்லை என்பாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சாக்கு என்று நினைத்திருக்கலாம்.

அவள் எழுத வந்ததே அந்தத் தகரக் குழாயால்தான். விரிப்போடு சுருண்டு என்னென்னவோ வந்து விழும். மூக்குக் கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு முழுப் பல் செட். புத்தகங்களும் வரும். கால் முறிந்து, கை முறிந்து கிடக்கிற பள்ளிப் பிள்ளைகளின் வார்டிலிருந்து வருபவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் ஓர் அமானுஷ்ய சக்தி, அவர்களைத் துரத்தும் ஒரு கூட்டம். இரண்டு மாதம் அலமாரியில் வைத்திருந்து, யாரும் கேட்டு வராவிட்டால் அக்கா வீட்டுக்கு எடுத்து வருவாள். படித்துவிட்டு அவளுக்குக் கோபம்தான் வரும்.

"ஒருத்தி ராத்திரி பூரா பறந்து சண்டை போடறா. காலையில எட்டு மணிக்கு ஒரு கொட்டாவிகூட விடாம ஸ்கூல்ல உட்கார்ந்திருக்கா. இது உடம்பா, இல்ல ரப்பரா?"

உடம்பு வலிக்கிற மாதிரி நீயே எழுதேன் என்று விளையாட்டாகச் சொன்னேன். எழுதிவிட்டாள்.

திடீர் மழையில் ஒரே கூரையின் கீழ் ஒதுங்கி நின்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு சக்தி வந்துவிடுகிறது என்று கதை தொடங்கும். தொடரின் பெயரே 'மழைக்கு ஒதுங்கிய ஐவர்' என்பதுதான். அவர்கள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். நெடுநெடுவென்று ஒல்லியாக இருக்கும் ஒட்டடைக்குச்சி பறப்பாள், ஆனால் மறுநாள் அவளால் தலை சீவக் கையைத் தூக்க முடியாது. ரேடியோ அடுத்தவர் மனதில் ஓடுவதைக் கேட்பான், அவனுக்கு ஓயாத தலைவலி. ஹீட்டர் கையாலேயே இரும்பை உருக்குவான், அப்புறம் இரண்டு போர்வை போர்த்தினாலும் நடுங்குவான். பிறர் கனவுக்குள் போய்வருகிற தூங்குமூஞ்சிக்குச் சொந்தத் தூக்கம் கிடையாது. ஐந்தாவது ஆள் பல்லி. சுவரோடு ஒட்டி நின்று கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவான். மறைவது அவன் இஷ்டம், திரும்புவது அவன் கையில் இல்லை. அவனைத் தெரிந்த யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் மறுபடி தெரிவான். முதல் பாகத்திலேயே அக்கா போட்ட விதி அது.

பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. சக்தியைவிட, சக்திக்குப் பிறகு அவர்கள் படுத்துக் கிடப்பதுதான் பிடித்தது என்று பலர் எழுதியிருந்தார்கள். அக்கா காலை ஆறு மணிக்கும், பகலில் டீ குடிக்க விடும் நேரத்திலும் எழுதுவாள். வார்டுகளிலிருந்து துணி கேட்டு வரும் சீட்டுகள் வேலை முடிந்ததும் வீணாகப் போகும். அவற்றின் பின்பக்கம்தான் அவளுக்குத் தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவள் வீட்டுக்குப் போய் அந்தச் சீட்டுக்கட்டைக் கணினியில் அடித்துக் கொடுப்பேன். அவளுடைய முதல் வாசகன் நான். அதனால் நடந்த தவறில் எனக்கும் பங்கு உண்டு.

நான்காம் பாகத்தில், பாலத்தின் அடியில் இருக்கும் பாழடைந்த பம்ப் அறைக்குள் ஐவரும் ஒளிகிறார்கள். துரத்துகிறவர்கள் நெருங்கிவிடுகிறார்கள். கதவைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும். ஒட்டடைக்குச்சி பல்லியிடம், இந்தச் சுவரோரமே நில், நான் வந்து கூப்பிடும்வரை அசையாதே என்கிறாள். அவன் மறைகிறான். மற்ற நால்வரும் பின்வழியாகத் தப்பிக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை எழுதிய அன்றுதான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, அதே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். அக்கா துணி அறையிலிருந்து படி ஏறி மேலே ஓடினாள். அதன் பிறகு இரண்டு வருடம் அம்மா படுக்கையில் இருந்தார். பகலெல்லாம் ஊரார் விரிப்பை மடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவின் விரிப்பை மாற்றினாள். ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுத உட்கார்ந்தபோது, தப்பித்துப் போன நால்வரோடு கதையைத் தொடர்ந்தாள். நான் அடித்தேன். பதிப்பகத்தில் இரண்டு பேர் படித்தார்கள். மெய்ப்புப் பார்த்தவர் ஒற்றெழுத்து எல்லாம் திருத்தினார். ஐந்தாம் பாகம் வந்தது, ஆறாவது வந்தது, ஏழாவதும் வந்தது. இதற்கிடையில் அம்மா போய்ச் சேர்ந்தார்.

ஏழாம் பாகம் வந்து ஒரு மாதத்தில், பதிப்பகம் வழியாக ஒரு பள்ளி மாணவியின் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில் நெருக்கமான கையெழுத்து.

"நான்காம் பாகம், பக்கம் நூற்று எழுபத்தொன்றில் பல்லியை பம்ப் அறைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்தப் பாகத்திலும் அவனை யாரும் கூப்பிடவில்லை. நான் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். உங்கள் விதிப்படி, கூப்பிடாமல் அவனால் வர முடியாது. ஆகவே அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். இது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தே செய்தீர்களா? பதினைந்து நாளில் பதில் எழுதவும்."

பதினைந்து நாள் என்பதைப் படித்துவிட்டு அக்கா சிரித்தாள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள் பார் என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு வக்கீலம்மா என்று பெயர். பிறகு அலமாரியிலிருந்து நான்காம் பாகத்தை எடுத்துப் பக்கத்தைப் பார்த்தாள். ஐந்தாவதைப் புரட்டினாள். டீ போட அடுப்பைப் பற்றவைத்தவள், பாத்திரம் வைக்காமலே அணைத்துவிட்டு வந்தாள்.

"நிக்கறான்டா" என்றாள்.

கதைதானே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருந்திருக்காது.

பதிப்பாளர் இதைச் சுலபமாகத்தான் எடுத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறவர். நான்காம் பாகம் மறுபதிப்பு வரப்போகிறது, அதில் ஒரே ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார். பல்லிக்கு உடம்பு சரியில்லை, அவன் வீட்டுக்குப் போய்விட்டான், முடிந்தது. எட்டாவதுதான் கடைசிப் பாகம், அதில் பெரிய சண்டை வர வேண்டிய நேரத்தில் இவனைத் தேடிக்கொண்டு போக வேண்டாம் மேடம் என்று கேட்டுக்கொண்டார். பழைய பதிப்பைப் படித்த பிள்ளைகளுக்கு அவன் நின்றுகொண்டுதானே இருப்பான் என்று அக்கா கேட்டாள். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்றார் அவர். ஒன்று மறக்கவில்லையே என்றாள்.

நானும் ஒரு யோசனை சொன்னேன். எதிரி ஏதோ மந்திரம் போட்டு நால்வரின் ஞாபகத்திலிருந்தும் பல்லியை அழித்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம், ஏழாம் பாகத்தில் அதற்கு இடமும் இருக்கிறது என்றேன். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே பட்டது.

"எல்லாத்தையும் வில்லன் தலையில கட்டிட்டா எப்படிடா?" என்றாள். "அம்மா படுத்துட்டாங்க. எனக்கு அவன் ஞாபகமே வரலை. எவனும் மந்திரம் போடலை. மறந்துட்டேன்னு ஒட்டடைக்குச்சி அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். வேற வழி கிடையாது."

பல்லியைக் கூப்பிடாமல் எட்டாம் பாகம் வராது என்று முடிவாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. வேலை பார்க்கிற இடமே மருத்துவமனை என்பதால் சோதனைகள் எல்லாம் சீக்கிரம் முடிந்தன. இதயம் பலவீனமாகிவிட்டது, நிற்பதைக் குறையுங்கள் என்றார்கள். துணி அறையில் நிற்காமல் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவளும் நிற்பதைக் குறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுவாள். ஓய்வெடு என்று சொன்னால், உட்கார்ந்துதானே எழுதுகிறேன், இது ஓய்வில்லாமல் என்ன என்பாள்.

அந்த அத்தியாயம் மட்டும் வரவில்லை. நால்வரும் பம்ப் அறைக்குத் திரும்புவதுவரை வந்துவிட்டாள். ஒட்டடைக்குச்சி வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை, கூப்பிட்டவுடன் பல்லி சிரித்துக்கொண்டே வந்தான். பொய் என்று கிழித்தாள். ஒருமுறை அழுதான். அதையும் கிழித்தாள். இன்னொரு முறை நால்வரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினான். படித்துப் பார்த்துவிட்டு, இது அவன் பேசுவதில்லை, என்னை நானே திட்டிக்கொள்வது என்றாள். சில ஞாயிறுகளில் நான் போனால் சீட்டுக்கட்டே இருக்காது. இன்னிக்கு ஒன்றும் இல்லை, நீ போய்ப் பிள்ளைகளோடு இரு என்பாள். அவள் முகத்தில் இரண்டு ஆள் களைப்பு இருக்கும். நானும் களைத்துத்தான் இருந்தேன். ஒரு வரி சேர்த்துவிட்டு ஒழிந்தால் தேவலை என்று எனக்கும் தோன்றியது உண்டு. அதை இப்போது மறைப்பதில் பயன் இல்லை.

கடைசியில் வக்கீலம்மாவுக்கு இரண்டு வரி பதில் எழுதித் தன் எண்ணையும் கொடுத்தாள். அடுத்த வாரமே, நான் இருக்கும்போது, அழைப்பு வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்கதான் எழுதறவங்களா?"

"ஆமாம்மா. நீதான் நோட்டீஸ் விட்டதா?"

"நான் எட்டாவது படிக்கிறேன்" என்றது குரல், அதுவே பதில் போல.

"நீ சொன்னது சரிதான். நான் அவனை மறந்துட்டேன்."

 "நீங்க ஏதாவது காரணம் சொல்வீங்கன்னு நினைச்சேன். நானே ரெண்டு யோசிச்சு வெச்சிருந்தேன். ஒண்ணு, வில்லன் ஞாபகத்தை அழிச்சிட்டான். ரெண்டு, அங்க நிக்கறது டூப்பு."

"முதல் காரணத்தை என் தம்பியும் சொன்னான்."

"பாவம்" என்றது குரல். யாரைச் சொன்னது என்று தெரியவில்லை. அக்கா என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு அக்கா, சக எழுத்தாளரிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். "அவனைக் கூப்பிட்டா முதல்ல என்ன சொல்வான்? எனக்கு வரவே மாட்டேங்குது."

பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அந்தப் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இரும்மா என்று அந்தப் பக்கம் ஓர் அதட்டல் போட்டுவிட்டு வந்தது.

"ஒண்ணும் சொல்லமாட்டான். உட்காருவான்."

"உட்காருவானா?"

"பின்ன? மூணு பாகமா நிக்கறான் இல்ல? முதல்ல உட்காரணும். பேச்செல்லாம் அப்புறம்தான்."

 அக்கா பக்கெட்டின் மேலிருந்த காலை மெதுவாகக் கீழே இறக்கினாள். எப்போது கூப்பிடுவீர்கள் என்று அந்தப் பெண் கேட்டது. சீக்கிரம் என்றாள் அக்கா. தேதி சொல்லுங்கள் என்றது. உன் பரீட்சைக்கு முன்னால் எழுதிவிடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் விட்டது.

ஆறு நாளில் எழுதிவிட்டாள். அடுத்த ஞாயிறு பதினான்கு சீட்டுகளை ஊசி குத்திக் கொடுத்துவிட்டு, நான் அடிக்கிறவரை பக்கத்தில் இல்லாமல் சமையலறையில் போய் நின்றுகொண்டாள்.

ஒட்டடைக்குச்சி பம்ப் அறைச் சுவரைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். ஒன்றும் நடக்கவில்லை. வேறு எங்காவது போயிருப்பான் என்கிறான் ஹீட்டர். போக முடியாது என்கிறாள் அவள். மறுபடி கூப்பிட்டு, மறந்துவிட்டேன், என்னை யாரும் மறக்கவைக்கவில்லை, நானாகத்தான் மறந்தேன் என்கிறாள். அப்போது சுவரிலிருந்து சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்கிறது. ஒரு முதுகின் அகலத்துக்கு, மேலிருந்து கீழே கோடு போட்டது மாதிரி உதிர்ந்துகொண்டே வருகிறது. தரைப் புழுதியில், ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எப்படிப் பதியுமோ அப்படிப் பதிகிறது. அதன் பிறகே அவன் தெரிகிறான். நால்வரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். தூங்குமூஞ்சி முதலில் தானும் உட்காருகிறாள். பிறகு ஒவ்வொருவராக. அத்தியாயம் முடிகிறவரை யாரும் எழுந்திருக்கவில்லை.

எனக்குக் கண் மறைத்தது. எப்படி இருக்கிறது என்று சமையலறையிலிருந்து கேட்டாள். இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய் என்றேன். நல்லவேளை, ஆளை விடவில்லையே என்றாள்.

பதிப்பாளர் படித்துவிட்டுத் தொலைபேசியில் ஒரே வரிதான் சொன்னாராம், சண்டையைக் குறைத்துக்கொள்ளலாம் மேடம் என்று. மிச்சம் இரண்டு அத்தியாயங்களையும் அக்கா முடித்துக் கொடுத்தாள். கொடுத்த பதினோராம் நாள்தான் இஸ்திரி அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அக்காவின் கைபேசி அடித்தது. வக்கீலம்மா. பரீட்சை அடுத்த வாரம் தொடங்குகிறது, எழுதியாகிவிட்டதா என்று கேட்க அழைத்திருந்தது. நான் யார் என்று சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை, சொல்லிவிட்டேன். 

"கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்கம்மா."

"உட்கார்ந்தானா?"

"உட்கார்ந்தான்."

"சரி" என்று வைத்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்து, அக்கா போனதற்கு வருந்துகிறேன் என்று ஒப்பிப்பது போலச் சொன்னது. யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அழுதது.

எட்டாம் பாகம் இப்போது அச்சுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் அட்டைப்படம் வரைகிறவர் அதில் வருகிறவர்களின் உடையைக் கேட்டு ஒரு தாள் அனுப்புவது வழக்கம். அக்கா நிரப்பி அனுப்புவாள். இந்த முறை தாள் திரும்பி வரவில்லை என்று நேற்றுக் கேட்டிருந்தார். அவள் மேசை இழுப்பறையில் கிடைத்தது. ஒட்டடைக்குச்சிக்குப் பள்ளிச் சீருடை, தோளில் கட்டு. ரேடியோவுக்குக் காதை மூடிய கம்பளித் தொப்பி. ஹீட்டருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். தூங்குமூஞ்சிக்கு அவளுடைய அப்பாவின் சட்டை. பல்லிக்கு எதிரே, "போன தடவை போட்டிருந்த அதே நீலச் சட்டை. ஆள் வளர்ந்துவிட்டதால் கை" என்பதுவரை இருக்கிறது. அந்தச் சட்டைக் கை இப்போது அவனுக்கு எதுவரை வரும் என்று எழுதவில்லை.